குடிகாரன் பள்ளம்

சுத்தியல் அக்காவுக்குக் கோபம் வந்தால் செம்புக்கு நல்லது என்று பட்டறையில் ஒரு பேச்சு உண்டு. கோபமாக இருக்கிற நாளில் அவள் கையில் தகடு சொன்னபடி வளையும், பற்றவைத்த இடம் ஊசி நுழைய வழியில்லாமல் உட்காரும். பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் வாயை மூடிக்கொண்டு உயிர் பிழைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால், விஸ்கி ஆலை முதலாளி சின்னவர் ஆர்டர் கொடுத்த கொப்பரைதான் அவள் கையிலிருந்து வந்ததிலேயே உருப்படியான கொப்பரையாக இருக்க வேண்டும். அந்தக் கோபம் நேற்றைக்கு வந்ததில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஊறின கோபம்.

பட்டறை அவள் அப்பா ஆரம்பித்தது. விஸ்கி வடிக்கிற செம்புக் கொப்பரைகளைச் செய்வதுதான் வேலை. கீழே வயிறு பெருத்த பாத்திரம், மேலே போகப்போகக் குறுகும் கழுத்து, கழுத்திலிருந்து சாய்ந்து இறங்கும் குழாய். முளைவிட்ட பார்லியை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அந்த இனிப்புத் தண்ணீரை நொதிக்கவிட்டு, பிறகு செம்பில் காய்ச்சி ஆவியைப் பிடிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் இரண்டு தடவை வடிப்பார்களாம். அயர்லாந்தில் மூன்று தடவை என்பது பழைய வழக்கமாம். அமெரிக்காவில் மக்காச்சோளத்தைப் போட்டு, உள்பக்கம் தீய்த்த புதுப் பீப்பாயில் அடைப்பார்களாம். ஜப்பான்காரர்கள் ஸ்காட்லாந்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து குருவையே மிஞ்சிவிட்டார்களாம். எங்கே போனாலும் செம்பு மட்டும் வேண்டும். கந்தக நாற்றத்தை அதுதான் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த ‘ஆம்’ எல்லாம் அவளுக்கு வீட்டுக்காரர் சொன்னது. அவர் ஒரு காலத்தில் சின்னவரின் ஆலையில் வடிப்புக்காரராக இருந்தார்.

ஆவி செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் தின்றால் தகடு மெலிந்து, தட்டினால் ஓட்டைச் சட்டி மாதிரிச் சத்தம் கேட்கும். அப்போது புதுக் கொப்பரை செய்தாக வேண்டும். இந்தத் தொழிலில் ஒரு கிறுக்கு இருக்கிறது. புதுசு பழசைப் போலவே இருக்க வேண்டும், பழசில் விழுந்த பள்ளங்கள் உட்பட. எப்போதோ ஏணி சாய்ந்து நெளிந்த இடத்தைக்கூடப் புதுசில் மெனக்கெட்டு அடித்து நெளிக்கச் சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். ருசி கொப்பரையில் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதனால் எதைத் தொடவும் பயம். அக்காவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை என்பாள். ஆனால் கேட்கிறவர் பள்ளம் கேட்டால் பள்ளம் போட்டுக் கொடுத்துவிடுவாள்.

சின்னவருக்குத் தலை நரைத்துவிட்டது. அவர் அப்பா பெரியவர் போய்ச் சேர்ந்தும் நாளாகிவிட்டது. ஆனாலும் எல்லோருக்கும் அவர் சின்னவர்தான். அன்றைக்குப் பட்டறைக்குள் வந்து, கைக்குட்டையால் ஒரு ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, பழைய கொப்பரை உங்க அப்பா கையால செஞ்சது. புதுசும் இந்தப் பட்டறையிலதான் செய்யணும். வேற இடத்துக்குப் போனா எனக்குத் தூக்கம் வராது. அச்சு அசலா இருக்கணும். ஒரு பள்ளம் விடக்கூடாது. முக்கியமா அந்தப் பெரிய பள்ளம், அதான், குடிகாரன்…”

நாக்கைக் கடித்துக்கொண்டார். யார் முன்னால் பேசுகிறோம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது.

அக்கா கையில் சுத்தியல் இருந்தது. அதை அவள் மெதுவாகக் கீழே வைத்ததைப் பட்டறை ஆட்கள் இன்றைக்கும் ஓர் அதிசயமாகச் சொல்கிறார்கள்.

“செஞ்சிடலாம்” என்றாள்.

குடிகாரன் பள்ளம் என்பது கொப்பரையின் வயிற்றில், முழங்கால் உயரத்தில் இருந்தது. அந்தக் குடிகாரன் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான். வேடிக்கை என்னவென்றால் அந்த மனிதர் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. வடிந்து வருவதை மூக்கால்தான் பார்ப்பார். முதலில் வருகிற காட்டமான தலை, நடுவில் வருகிற நல்லது, கடைசியில் வருகிற கசண்டு வால் என்று மூன்றையும் மோந்தே பிரித்துவிடுவார். தலையையும் வாலையும் தள்ளிவிட்டு நடுவை மட்டும் பீப்பாய்க்கு அனுப்ப வேண்டும். அந்த நொடியை அவர் மூக்கு தவறவிட்டதே இல்லை. அதனால் ஆலையில் அவருக்கு மூக்கர் என்றுதான் பெயர்.

ஒரு சாயங்காலம் சின்னவர் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு ஆலையைக் காட்ட வந்தார். காட்டிக் காட்டிக் குடித்தார்கள். பீப்பாய் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட்டில் சின்னவர் ஏறி, அதை வடிப்பறைக்குள்ளேயே ஓட்டிக் காட்டினார். கொப்பரைப் பக்கம் குனிந்து நின்ற மூக்கரை அது செம்போடு வைத்து நசுக்கியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

மறுநாள் பெரியவர் ஒரு கதை சொன்னார். வடிப்புக்காரர் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு மேடையிலிருந்து விழுந்தார், கூடவே தள்ளுவண்டியையும் இழுத்துக்கொண்டார் என்று. சிநேகிதர்கள் ஆமாம் போட்டார்கள். ஊர் நம்பியது. விஸ்கி ஆலையில் வேலை பார்க்கிறவன் குடித்தான் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? நடுவைப் பிரித்தெடுக்கிறவன் குடிகாரன் என்று பெயர் வாங்கிவிட்டால் வேறு எந்த ஆலையும் வாசலில்கூட நிற்கவிடாது. அப்படித்தான் ஆயிற்று.

அதோடு விட்டார்களா? ஆலையைச் சுற்றிப்பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்ததும், வழிகாட்டிப் பெண் ஒருத்தி அந்தப் பள்ளத்தைத் தொட்டுக் காட்டி இந்தக் கதையைச் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்புக்குக் கிராக்கி இருப்பதைப் பார்த்த சின்னவர், ‘குடிகாரன் பள்ளம்’ என்ற பெயரில் ஒரு விஸ்கியே போட்டார். லேபிளில் தலைகீழாக விழும் ஓர் ஆளின் படம். அது நன்றாக விற்றது.

அக்காவால் இதையெல்லாம்கூடச் செரித்திருக்க முடியும். செரிக்க முடியாமல் போனது வேறொன்று. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூக்கர், “ரெண்டு தடவை இடிச்சான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காய்ச்சலில் உளறுகிறார் என்றார்கள். வருஷங்கள் போகப்போக அவர் பேச்சு குறைந்தது. ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே, “ஒருவேளை ஆவி தலைக்கேறி நான்தான் தடுமாறிட்டேனோ என்னமோ. இத்தனை பேர் சொல்றாங்களே” என்றார். காலை எடுத்துக்கொண்டவர்கள் கடைசியில் மனிதனின் ஞாபகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் அக்கா தீர்மானித்தாள். சின்னவரின் வாயாலேயே உண்மையைச் சொல்லவைத்து, அதைக் கொண்டுவந்து இவர் காதில் போடாமல் தான் சாகப்போவதில்லை என்று.

ஆர்டர் எடுத்திருப்பதைச் சொன்னதும் மூக்கருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உனக்கென்ன பைத்தியமா? ஊர்ல வேற வேலையே இல்லையா?”

“வீடு தேடி வந்த வேலை.”

“செத்த பாம்பை எதுக்கும்மா அடிக்கிறே?”

“செத்துச்சுன்னு யார் சொன்னது? பாட்டில்ல அடைச்சு வித்துட்டிருக்கான்!”

அவர் கட்டைக்காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், முதலில் அவளுக்கு வந்த யோசனை நல்ல யோசனை இல்லை. கழுத்துப் பற்றவைப்பில் மயிரிழை அளவு கசிவு விட்டால் போதும். ஆவி வெளியே வரும், ஒரு பொறி பட்டால் வடிப்பறையே சாம்பல். இரண்டு நாள் அந்த நினைப்பைச் சப்பிக்கொண்டிருந்தாள். இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கொப்பரைப் பக்கத்தில் நிற்கப்போவது சின்னவர் இல்லையே, இன்னொரு வடிப்புக்காரர் அல்லவா. அவருக்கும் இரண்டு கால் இருக்கும், வீட்டில் ஒருத்தி இருப்பாள். தூ என்று அந்த யோசனையைத் துப்பிவிட்டுச் சீராகப் பற்றவைத்தாள்.

வழி காட்டியது சின்னவரேதான். பழைய கொப்பரையில் அளவெடுக்க அவள் ஆலைக்குப் போயிருந்தபோது, மனிதர் கூடவே சுற்றிக்கொண்டிருந்தார். விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு நெளிவையும் அவரே காட்டினார். “இங்க ஒண்ணு இருக்கு அக்கா, பார்த்தீங்களா? விட்றாதீங்க.” அவர் குரலில் இருந்தது சாமான் வாங்குகிறவர் குரல் இல்லை, வைத்தியரிடம் பேசுகிறவர் குரல். இந்த ஆலையில் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது எதுவுமில்லை. ருசி அப்பா காலத்தது, கொப்பரை அப்பா காலத்தது. அவர் காலத்தில் ருசி மாறிவிட்டது என்று யாராவது சொல்லிவிட்டால்? அந்தப் பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஆளுக்குப் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சுத்தியலை எங்கே வைப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

“இது எதால விழுந்துச்சு?” என்று ஒரு சின்னப் பள்ளத்தைத் தொட்டுக் கேட்டாள்.

“அது தெரியணுமா?”

“தெரியாம எப்படி? ஏணி பட்டா ஒரு மாதிரி அடிக்கணும், குழாய் பட்டா ஒரு மாதிரி அடிக்கணும். சும்மா பள்ளம் மட்டும் போட்டா அது வெறும் பள்ளம்.”

சுத்தப் புளுகு. அப்பா இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். சின்னவர் சிரிக்கவில்லை. உடனே பழைய ஆட்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் கதை கேட்டார். இது ஸ்பேனர் விழுந்தது, இது வாளி பட்டது என்று அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பெரிய பள்ளத்துக்கு வந்தபோது மட்டும் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

“அதை அப்புறம் பார்த்துக்கலாம். கொப்பரை எடத்துல உக்காந்த பிறகுதான் அதைப் போடணும்” என்றாள் அக்கா.

புதுக் கொப்பரை ஆலைக்கு வந்து நின்றது. சின்னப் பள்ளங்கள் எல்லாம் அச்சாக விழுந்திருந்தன. சின்னவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தடவினார். வடிப்பறையில் வேலையாட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், வழிகாட்டிப் பெண்ணும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். பழைய கொப்பரை ஒரு மூலையில் கழுத்தில்லாமல் கிடந்தது. அக்கா தீக்குழாயால் முழங்கால் உயரத்தில் ஓர் இடத்தைச் சிவக்கக் காய்ச்சினாள். சூடு பட்டால்தான் செம்பு இளகும். பிறகு பெரிய சுத்தியலை எடுத்தாள்.

“இப்ப சொல்லுங்க. இது எப்படி விழுந்துச்சு?”

“அதான் எல்லாருக்கும் தெரிஞ்ச கதையாச்சே. மேடையிலேர்ந்து விழுந்து, தள்ளுவண்டி…”

“சரி. அப்படியே அடிச்சிடறேன். ஆள் மேலேர்ந்து விழுந்த அடி, தள்ளுவண்டி கனம். பழசுல அப்படித் தெரியல, ஆனா நீங்க சொன்னா சரிதான். அப்புறம் ருசி மாறிப்போச்சுன்னா என் பட்டறைப் பக்கம் வரக்கூடாது.” சுத்தியலை ஓங்கினாள்.

“இருங்க, இருங்க!” சின்னவர் கையை நீட்டினார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. “எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்கப்பா.”

“யாரும் போகக்கூடாது. கொப்பரை அசையாம பிடிக்க ஆள் வேணும். செம்பு ஆறுது, சீக்கிரம் சொல்லுங்க. என்ன இடிச்சுது?”

சின்னவர் பழைய கொப்பரையைப் பார்த்தார், புதுசைப் பார்த்தார். ஊருக்குப் பயப்படுவதா, ருசிக்குப் பயப்படுவதா என்று அந்த முகத்தில் ஒரு போராட்டம் நடந்தது. அக்கா அதைக் கண்குளிரப் பார்த்தாள்.

“ஃபோர்க்லிஃப்ட்” என்றார்.

“யார் ஓட்டினது?”

“நான்.”

“குடிச்சிருந்தீங்களா?”

“அது எதுக்கு பள்ளத்துக்கு?”

“வேகம் தெரியணும்.”

“குடிச்சிருந்தேன்.”

பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கையை எடுத்துவிட்டார். அக்கா முறைத்ததும் திரும்ப வைத்தார்.

“வண்டிக்கும் செம்புக்கும் நடுவுல என்ன இருந்துச்சு? அந்தக் கனத்துக்குக் கட்டை வைக்கணும்.”

“கால்.”

“யார் கால்?”

“அண்ணன் கால். மூக்கர் அண்ணன்.”

“அவர் குடிச்சிருந்தாரா?”

“இல்ல.”

“பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

“இல்ல! அவர் குடிக்கவே மாட்டார்” என்றார் சின்னவர்.

அக்கா கால் கனத்துக்கு ஒரு கட்டையை எடுத்துச் சூடான இடத்தில் வைத்துப் பிடித்தாள்.

“பழசுல ஒரு குழிக்குள்ள இன்னொரு குழி இருக்கு. ரெண்டாவது எப்படி வந்துச்சு?”

சின்னவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “முதல்ல லேசாத்தான் இடிச்சுது. அவர் கத்தினார். ‘தம்பி நிறுத்து, கால் மாட்டிக்கிச்சு’ன்னு. கூட வந்த சிநேகிதங்க எல்லாம் சிரிச்சுட்டிருந்தாங்க. நான் பின்னால எடுக்கறேன்னு நினைச்சு முன்னாலயே… நல்லா அழுத்திட்டேன்.”

இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தாள்? சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இந்த மண்டையில் ஒன்று போட்டால் என்ன என்று மட்டும்தான் தோன்றியது. அது நிஜமாகவே தோன்றியது, கைகூட இறுகியது. சுத்தியலைத் திருப்பிக் கைப்பிடியை அவர் பக்கம் நீட்டினாள்.

“நீங்களே அடிங்க.”

“நானா?”

“அடிச்ச கைதானே அடிக்கணும். அச்சு அசலா வேணும்னு கேட்டது நீங்க.”

சின்னவர் அடித்தார். சுத்தியல் கட்டையில் பட்டு நழுவியது.

“இது லேசா இடிச்சது. ரெண்டாவது அடிங்க. நல்லா அழுத்தினேன்னு சொன்னீங்களே, அந்த மாதிரி.”

மறுபடி ஓங்கினார். பாதியில் கை நின்றுவிட்டது. அழுதுவிட்டார். யாரும் போய்த் தோளைத் தொடவில்லை. அக்கா கட்டையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அடித்தார். கட்டை உள்ளே இறங்கியது. செம்பு குழிந்தது.

வழிகாட்டிப் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். “நாளைக்குப் பார்க்க வர்றவங்ககிட்ட இதைப் பத்தி நான் என்ன சொல்றதுங்க?”

“காது இருக்குல்ல? கேட்டதைச் சொல்லு” என்றாள் அக்கா. சின்னவர் மறுத்துப் பேசித்தான் என்ன, அத்தனை பேர் கேட்டாயிற்று. பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தவும் அவரால் முடியாது. ருசி போய்விடுமே.

அவள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்தார்.

“அக்கா, சரியா வந்திருக்கா? பழைய ருசி வந்துடுமில்ல?”

“எனக்கெப்படித் தெரியும்? வடிச்சு, பீப்பாயில போட்டு, பத்து வருஷம் வெச்சுப் பாருங்க. தெரிஞ்சுடும்.”

“பத்து வருஷமா?” நின்றுவிட்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். “அண்ணனா இருந்தா புதுசா வடியறப்பவே மோந்து சொல்லிடுவார். ஒரே ஒரு தடவை கூட்டிட்டு வர முடியுமா? வண்டி அனுப்பறேன்.”

அக்கா பையின் வாரை இழுத்துக் கட்டினாள்.

“குடிகாரன் மூக்கை நம்பி எப்படிங்க? ஊர் என்ன சொல்லும்?” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் மூக்கர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஆலை ஆட்கள் யாரோ முந்திக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும், அவளைப் பார்த்ததும் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ‘தம்பி நிறுத்து’ என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அப்படியா சொன்னான்? நான் அப்படிக் கத்தினேன்னு?”

“ஆமா.”

“எத்தனை தடவை இடிச்சேன்னான்?”

“ரெண்டு தடவை.”

“ரெண்டு தடவை” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு ஒண்ணும் தலைக்கேறல. நான் நல்லாத்தான் நின்னுட்டிருந்தேன்.”

“நல்லாத்தான் நின்னுட்டிருந்தீங்க.”

அவர் சட்டையை மடித்து ஜன்னலில் வைத்தார். பிறகு, சின்னவர் அழுதாரா என்று கேட்டார். அழுதார் என்றாள். எப்படி அழுதார் என்று கேட்டார்.

அக்கா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, அதை விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தாள்.